புதுசு சாரும் மூச்சு மெஷினும்

திங்கட்கிழமை என்றாலே எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் லீவு போடப் பார்ப்போம். வேலைக்குப் பயந்து அல்ல, மேலாளருக்குப் பயந்து. அவர் கோபக்காரர் என்று நினைத்துவிடவேண்டாம். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் விடுமுறை நாளில் சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். இணையத்தில் எதையாவது மேய்ந்து, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். "புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்" என்பார், ஏதோ இவரே கண்விழித்துச் செய்த மாதிரி. அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புதுசு. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் புதுசு.

நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை வீட்டுக்கு வாடகைக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில், சக்கர நாற்காலி, மூச்சுத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற இயந்திரம். தொலைபேசியில் பேசி ஆர்டர் எடுப்பது என் வேலை. பில் போட ஒரு பெண் இருக்கிறாள். ஊருக்கு வெளியே உள்ள கிடங்கை ஓர் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். முன்பெல்லாம் ஒரு சாமான் வேண்டுமென்றால் கிடங்கு அண்ணனைக் கூப்பிட்டு, "இருக்கா?" என்பேன். "இருக்கு" என்பார். வண்டி கிளம்பிவிடும்.

புதுசு வந்த பிறகு "இருக்கா" என்று கேட்கவே ஒரு மென்பொருள். "இருக்கு" என்று சொன்னதைக் குறித்துவைக்க இன்னொன்று. லீவு கேட்கத் தனியாக ஒன்று. என் மாமியாருக்கு மூட்டு வலி, ஒரு நாள் வேண்டும் என்று அதில் எழுதினேன். "அருமை! உங்கள் மகிழ்ச்சியைக் குழுவினரோடு பகிருங்கள்" என்று பதில் வந்தது. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கிடங்கு அண்ணனுக்குத் தட்டச்சு வராது. அவருக்காகவே, பேசினால் எழுதிக்கொள்கிற வசதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் புதுசு. "இனிமே யாரும் கிடங்குக்கு ஃபோன் பண்ணக் கூடாது. எல்லாம் அதுலயே கேளுங்க" என்றும் சொல்லிவிட்டார். நாள் முழுக்க டிங் டிங் என்று அறிவிப்பு வந்து உயிரை எடுக்கவே, அண்ணன் கைபேசியின் வாயை அடைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டார். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் மட்டும் வெளியே எடுத்துப் பேசுவார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, அந்தக் கதைதான்.

கடைசியாக வந்தது தேடுபொறி. இதுவரை கண்டுபிடித்த அத்தனை மென்பொருளுக்குள்ளும் ஒரே நேரத்தில் புகுந்து தேடுமாம். "இனிமே எதுவும் தொலையாது மேடம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பிள்ளை பெற்ற களை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தொலைத்தது யார்?

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அக்காதான் தையல் மிஷினை மிதித்துப் படிக்கவைத்தார். அந்த அக்காவுக்கு நுரையீரலில் கோளாறு வந்து, கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதெல்லாம் புதுசு சொல்லி எனக்குத் தெரியாது. அக்காவே சொன்னது. வேலை நேரத்தில் கவனம் சிதறக் கூடாது என்று புதுசு தன் கைபேசியில் ஒரு மென்பொருள் போட்டிருந்தார். அது யார் கூப்பிட்டாலும் மணியடிக்க விடாது. தம்பி எடுக்காததால் அக்கா அலுவலக எண்ணுக்குக் கூப்பிடுவார். தம்பி எப்போதும் ஏதாவது கூட்டத்தில் இருப்பார். நானும் அக்காவும் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அக்கா கூப்பிட்டார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"வீட்டுல மெஷின் இருந்தா இன்னைக்கே போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. மத்தியானத்துக்குள்ள மெஷின் வந்துடணுமாம். இல்லேன்னா அவர் வெளியூர் போய்ட்டு வர்ற வரைக்கும் இங்கயேதான். என்னால முடியலம்மா. பக்கத்துக் கட்டில் நேத்து காலியாயிடுச்சு. என் வீட்டுல ஒரு ராத்திரி தூங்கணும், அவ்வளவுதான்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். புதுசுக்கு முகம் வெளுத்துவிட்டது. தேடுபொறியைத் திறந்து தட்டினார். முடிவுகள் எதுவும் இல்லை என்றது. மறுபடி தட்டினார். மறுபடி இல்லை.

"ஒண்ணுகூட இல்லையா? எல்லாம் வாடகைக்குப் போயிடுச்சா?" என்றார். "அக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

கிடங்குக்கு ஃபோன் போட்டேன். அலமாரிக்குள் கிடக்கிற கைபேசியை யார் எடுப்பது? போட்டிக் கம்பெனியில் கேட்டேன், திங்கட்கிழமைதான் என்றார்கள். அப்புறம்தான் புதுசின் திரையை எட்டிப் பார்த்தேன். தேடுகிற கட்டத்துக்குள் 'உயிர்வளிச் செறிவூட்டி' என்று இருந்தது.

"என்ன சார் இது?"

"அதான் மேடம் ஆக்சிஜன் மெஷினுக்குச் சரியான பேரு. மென்பொருள்ல தமிழ்ல அப்படித்தான் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அந்தப் பேர்ல இங்க யாரு சார் எழுதுறா? நான் மூச்சு மெஷின்னு எழுதுவேன். கூப்பிடுறவங்க அப்படித்தான் சொல்றாங்க."

அப்படித் தட்டினார். நான் எடுத்த ஆர்டர்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் வாடகையில் இருந்தன.

"நான் ஆக்ஸிஜன்னு போடுவேன் சார், ஸ் போட்டு" என்றாள் பில் போடுகிற பெண். பழைய பில்கள் வந்தன.

"அண்ணன் எழுதமாட்டாரே, பேசத்தானே செய்வாரு" என்றேன். "அவர் வாயில ஆக்சிஜன் வராது. ஆக்சன்தான் வரும்."

புதுசு 'ஆக்சன்' என்று தட்டினார். ஒன்றுமில்லை. பேசினால் எழுதுகிற அந்த மேதாவி அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தேன். "சண்டைப் படத்துக்குப் போடுற ஆக்ஷன் போடுங்க சார்."

வந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 'ஆக்ஷன் மெஷின் ஒன்று திரும்பி வந்தாச்சு.' 'ஆக்ஷன் மெஷின் துடைச்சு வெச்சாச்சு, யாருக்காவது வேணுமா.' 'ஆக்ஷன் மெஷின் வழியில இடிக்குது, யாராவது பதில் சொல்லுங்கப்பா.' ஏதோ விளம்பரம் என்று நாங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். தேடுபொறியைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நாம் கேட்டதைத்தான் அது தேடியது.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு வீட்டு விலாசத்தை எழுதி, அவர் வீடு வந்து சேரும்வரை வாசலிலேயே நிற்கச் சொல்லி ஓட்டுநரைக் கிடங்குக்கு விரட்டினேன். புதுசு தன் இருக்கைக்குப் போனார். வண்டி எங்கே போகிறது என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதுவும் அவர் கண்டுபிடித்ததுதான். அதைத் திறந்துவைத்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். வீட்டிலிருந்து பேசினார். குரல் தெளிந்திருந்தது. ஃபோனைப் புதுசின் மேசைக்கே எடுத்துப்போய் வைத்து, ஒலிபெருக்கியை அழுத்தினேன்.

"வண்டி உங்க வாசல்லதான் நிக்குதுக்கா" என்றார் புதுசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க நல்லாத் தெரியுது."

"வண்டி தெரியுது, சரி" என்றார் அக்கா. "நீ எங்கடா இருக்க?"

புதுசு அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். அக்கா, "சரிப்பா, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

காலையிலிருந்து நாக்கு நுனியில் சேர்த்துவைத்திருந்த திட்டு அத்தனையும் எனக்கு மறந்துபோனது. "கிளம்புங்க சார்" என்றேன்.

அவர் எழுந்தார். வாசல்வரை போனவர், கைபேசியில் அந்தப் புள்ளிக்கு வழி பார்த்துக்கொண்டே திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், இப்பதான் கவனிச்சேன், வண்டி நிக்குற இடம் வேற எங்கயோ காட்டுதே. அக்கா வீடு தையல் கடைக்கு மேல, மாடியிலதானே?"

"இல்ல சார். இப்ப பஸ் டிப்போவுக்குப் பின்னால, கீழ் வீடு. படி ஏற முடியலைன்னு போன மழைக்காலத்துலயே மாறிட்டாங்க."

"என்கிட்ட சொல்லவேயில்லையே" என்றார்.

"ஃபோன் பண்ணியிருப்பாங்க சார்" என்றேன்.