ஆயில் முள்

பாலக்கரை மெக்கானிக் பரக்கத் அலிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருடைய கைவேலைக்காகக் கார்க்காரர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

1958 மார்கழியில் ஒரு விடியற்காலை, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை முதலாளி ராசப்பன் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப் போக வந்தார். சமயபுரம் சாலையில் இன்னொரு ஆலைக்காரரோடு பந்தயம். எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அவர் கியரைப் போட்டார்.

பரக்கத் அலி காருக்கு முன்னால் போய் நின்றார். "ஆயில் இன்னும் சூடாகலைங்க."

"முள்ளு ஏறிடுச்சே பாய்!"

"அது தண்ணிச் சூட்டைக் காட்டுற முள்ளு. பக்கத்துல ஆயில் முள்ளைப் பாருங்க, அசையவே இல்லை. இந்தக் குளிருக்கு ஆயில் வெளக்கெண்ணெயாட்டம் கெட்டியா கெடக்கு. இப்ப மிதிச்சா பேரிங் போயிடும்."

"திருச்சியில ஏதுய்யா குளிரு? நகருய்யா!"

கார் ஒரு முழம் பாய்ந்து நின்றது. பம்பர் பரக்கத் அலியின் முழங்காலில் இடித்தது. அவர் நகரவில்லை.

"அவிச்ச நெல்லைக் காயவிடாம மெஷின்ல கொட்டுவீங்களா, மொதலாளி?"

ராசப்பன் கியரை எடுத்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடியே காத்திருந்தார்கள். பொன்மலை ரயில் பட்டறைச் சங்கு ஊதி ஓய்ந்தது. அதற்கும் பிறகுதான் ஆயில் முள் மெல்ல மேலே ஏறியது.

"இப்ப மிதிங்க" என்று விலகிய பரக்கத் அலிக்குக் கால்கள் வெடவெடத்தன. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ராசப்பன் அதைப் பார்த்துவிட்டார். "என்ன பாய், குளிருதா?"

"திருச்சியில ஏதுங்க குளிரு?" என்றார் பரக்கத் அலி.