சிப்பி பதித்த அடுப்பு

புத்தளம் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்தேன். ஒரு காலத்தில் குளமாகவும் பிறகு கடலாகவும் கிடந்த இடமாம். அடியில் குளத்துக் களிமண், மேலே கடல் களி, இரண்டும் பாறையாக இறுகியிருந்தன. இடித்துக் குழைத்துத்தான் கல் அறுப்போம். கடல் களியில் சிப்பி இருக்கும். அதைப் பொறுக்கி எடுக்காமல் சுட்டால் கல் வெடித்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மலைநாட்டில், கந்தப்பளையில், தங்கச்சி தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டுப் புது வீட்டுக்குப் போனாள். பால் காய்ச்ச அந்தக் கடல் களியைச் சுமந்து வந்து நானே அடுப்புப் போட்டேன். எல்லோரும் பார்த்து வியக்கட்டும் என்று சிப்பிகளை அப்படியே விட்டேன்.

"அண்ணன் மலைக்கே கடலக் கொண்டாந்துட்டாரு!" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பால் பொங்கும் முன்னே அடுப்பு படாரென்று வெடித்தது. பாலெல்லாம் சாம்பலில் கொட்டியது. வந்தவர்கள் அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள்.

"அண்ணன் காய விடச் சொன்னாருங்க. நாந்தான் அவசரப்பட்டுப் பத்த வச்சிட்டேன்," என்றாள் தங்கச்சி.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் மாமியார் எல்லோர் முன்னாலும் அவளை ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வேலை தேடிப் போன பல ஊர்களில் பட்டினி கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என்னை நானே இவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை.