இரண்டு வாய்ப் பொங்கல்

மலாவியில் ஜனவரி மாதம் மழைக்காலம். அதையெல்லாம் யோசிக்காமல் அப்பா வாசலில் பொங்கல் வைக்கக் கிளம்பிவிட்டார்.

அப்பா ஊழியக்காரர். சபையார் அவரை அபிஷேகப்பாக்கத்திலிருந்து அந்த நாட்டுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் கூடவே போயிருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் இருந்தவரை பொங்கலன்று எங்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். அது நமக்கு உண்டான பண்டிகை இல்லை என்பார் அப்பா. அப்படிப்பட்டவர் சந்தையில் யாரோ விற்ற கரும்பைப் பார்த்ததும் ஒரு கட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அறுப்புப் பண்டிகை பைபிள்லயே இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒன்றும் கேட்கவே இல்லை.

ஊரில் பெரியப்பா வீடு எங்களுக்கு அடுத்த தெரு. அப்பா ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்துவிடும். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடக் கூடாது. அப்பா மூடியைக்கூடத் திறக்காமல், "குடுத்துட்டு வா" என்று தூக்கை என் கையில் கொடுப்பார். நெய்யும் முந்திரியும் மணக்கிற தூக்கை ஒரு சின்னப் பிள்ளையிடம் நம்பிக் கொடுத்த அதே மனிதர்தான், மனுஷ சுபாவத்தின் பலவீனத்தைப் பற்றி வாராவாரம் பிரசங்கம் செய்தார். நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு வாய் தின்பேன். குழி தெரியாமல் விரலால் தடவிச் சமமாக்கி, வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் போய்ப் பெரியப்பாவிடம் கொடுப்பேன். மூன்று வருஷம் இதே கதைதான்.

மலாவியில் அன்று காலை மழை அடுப்பை அணைத்துவிட்டது. கரி அடுப்பை வராண்டாவுக்குள் இழுத்துவைத்தோம். அப்பாவுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மூடியைத் திறப்பதும், விசிறுவதும், வானத்தைப் பார்ப்பதும், மறுபடியும் மூடியைத் திறப்பதுமாக இருந்தார். பால் பொங்கி வழிந்தபோது வாயைத் திறந்தவர், என்ன சொல்வதென்று தெரியாமல் திணறி, கடைசியில் "ஸ்தோத்திரம்" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பு" என்றார் அப்பா. அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். "நீயா அனுப்புற மாரி அனுப்பு. நான் சொன்னேன்னு வாணாம்."

அனுப்பினேன். அதன் பிறகு எங்கள் யாருக்கும் நிம்மதி இல்லை.

"பாத்துட்டாங்களா?"

"ஒரு டிக்குதான்பா வுழுந்திருக்கு."

நெட் வரும், போகும். அப்பா போனை வாங்கி ஜன்னலோரம் தூக்கிப் பிடிப்பார், திருப்பிக் கொடுப்பார், இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் கேட்பார். "அண்ணன் பாத்தா இன்னா சொல்லுவாரோ" என்று ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா தட்டை எடுத்தால், "இரு, ஆறட்டும்" என்றார். அது எப்போதோ ஆறிவிட்டது. எனக்கோ பசியில் உயிர் போனது. இதற்கு ஊர்ப் பொங்கலே தேவலை, மோட்டார் கொட்டகைவரை நடந்தால் போதும் என்று எரிச்சலாக வந்தது.

போன் அடித்தது. திரை முழுக்கப் பெரியப்பாவின் முகம்.

"இன்னாடா, அங்க போய்ப் பொங்கல் வச்சியா?"

அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வச்சேண்ணா" என்றார்.

"இங்க இருந்தவரிக்கும் என் வூட்டுப் பொங்கலு ஒனக்கு ஆவாது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கோபமாகத்தான் கூப்பிட்டிருக்கிறார், போனை வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வுடுடா. ரெண்டு வாய் தின்னுட்டுதான் நீ திருப்பி அனுப்புவ, எனக்குத் தெரியாதா? மேல தடவி வுட்டுட்டா தெரியாதுன்னு நெனச்சியா? அதுக்கோசரம்தான் நானும் வுடாம அனுப்பிட்டிருந்தேன்."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு பென்சில் விஷயத்தில் நான் சொன்ன பொய்க்காக ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வைத்தவர் அவர். பொய் என்றால் அவருக்கு அவ்வளவு ஆகாது.

அப்பா போனின் பக்கம் திரும்பினார். "ஆமாண்ணா" என்றார். "வாசன தாங்கல."

பெரியப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "ஊருக்கு வரசொல்லோ சொல்லுடா, சூடாவே தரேன்" என்றார். அதோடு லைன் போய்விட்டது.

நான் அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா பானையிலிருந்து ஒரு கிண்ணம் நிறைய எடுத்து முதலில் என்னிடம் கொடுத்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முந்திரி நெறைய போடுவாங்களா?" என்று கேட்டார்.

"நெறைய போடுவாங்கபா" என்றேன்.

என்னை அடியிலிருந்து காப்பாற்றத்தான் அப்பா அன்று பொய் சொன்னார் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் சிரிப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.