கவ்வாத்து வெட்டிய மஞ்சள் டெய்சி

இலையைக் கிள்ளிக் கசக்கினால் கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் பச்சைக் கரட், அதற்குப் பின்னால் பெயர் சொல்லத் தெரியாத ஒரு கசப்பு. சித்தியின் டெய்சிச் செடியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் மஞ்சள் பூ அல்ல, குளித்த பிறகும் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வாசம்தான். பூவை எல்லோரும் பார்த்தார்கள். இலையைக் கசக்கிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு மட்டும் இருந்தது. செடி பட்டுப்போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரைமணி நேரம் ஏறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசி வீடான "தொங்கல் காம்பராவில்" நாங்கள் இருந்தோம். கடைசி வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு கீற்று நிலம் கிடைத்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, பக்கத்துக் காம்பராவில் இருந்தார். தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், அந்த வீட்டம்மா கொடுத்த ஒரு குச்சியை பிஸ்கட் டின்னில் ஊன்றிக் கொண்டுவந்து, அந்தக் கீற்று நிலத்தில், வெயில் விழும் மேட்டில் நட்டார். கொத்தமல்லித் தழையைப் பெரிதாக்கிச் சாம்பல் தூவினாற்போன்ற இலை, நீளக் காம்பின் நுனியில் தனித்தனியாக மஞ்சள் பூ. ஒரே வருடத்தில் என் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டது. லயத்தில் அதை "மஞ்சப்பூ" என்றார்கள். சித்தி மட்டும் "டெய்சி" என்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்தி வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனார். சித்தப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, எப்போதாவதுதான் வருவார். அதனால் அவர்களின் நான்கு வயது மகள் நிலானி எங்கள் காம்பராவுக்கு வந்தாள், டெய்சி என் பொறுப்புக்கு வந்தது. போகிற அன்று காலையில் சித்தி என்னைச் செடியருகே கூட்டிப்போய்ச் சொன்னது இன்னும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது, அல்லது இருப்பதாக நம்புகிறேன்.

"வெயில்லயே இருக்கட்டும் பாப்பா. தண்ணி நெறைய ஊத்தாத. காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பயப்புடாத, அது தாங்கும். வாடுன பூவ மட்டும் கிள்ளிப் போட்டுக்கிட்டே இரு. நான் வர்றப்ப பூத்துக்கிட்டு நிக்கணும், சரியா?"

சரி என்றேன். நிலானி அப்போது அம்மாவின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சித்தி அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறக்கத்தில் இறங்கிப் போனார். அன்று முழுவதும் அம்மா முணுமுணுத்தபடி இருந்தார்: "புள்ளயப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. செடியப் பத்தி மட்டும் ஒம்பது வார்த்த."

அந்த வருடத்து வறட்சி தை மாதத்திலேயே தொடங்கிவிட்டது. மலையிலிருந்து குழாய் வழியே வந்து விழும் "பீலி" நூலாய் மெலிந்தது. குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் கதை பேசி முடித்த பிறகும் பாதிதான் நிரம்பியிருக்கும். அம்மாவின் கத்தரிக்காய்ச் செடி தலை தொங்கியது, பக்கத்து வீட்டுச் செவ்வந்தி காய்ந்து கறுத்தது. டெய்சி மட்டும், யாரையோ சீண்டுவதுபோல, கிளைக்குக் கிளை பூத்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எல்லாம் வாடும்போது இது மட்டும் எப்படி நிற்கிறது? உள்ளே காய்ந்துகொண்டே வெளியே பூக்கிறதோ? சித்தி தண்ணீர் நிறைய வேண்டாம் என்றார். நிறைய என்றால் எவ்வளவு? அம்மாவிடம் கேட்டால், "தண்ணி ஊத்தாம எந்தச் செடிடி வளந்துச்சு? ஒஞ் சித்தி பெரிய எடத்துல கேட்டதச் சொல்லிட்டுப் போயிட்டா" என்பார். சித்தி சொன்னதைக் கேட்பதா, அம்மா சொன்னதைக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். பகலில் ஊற்றவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவ எனக்கென்று வைத்திருக்கும் செம்புத் தண்ணீரை, யாரும் பார்க்காத நேரத்தில் செடிக்கு ஊற்றினேன். தினமும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாவலப்பிட்டி கடைத்தெருவில் இருந்த "கொமினிகேஷனுக்கு" சித்தியின் அழைப்பு வரும். காசு கட்டித் தொலைபேசி பேசும் கடை அது. நாங்கள் மூவரும் கடைக்கு வெளியே பலகையில் காத்திருப்போம். முதலில் அம்மா, பிறகு நான், கடைசியில் நிலானி. என்னிடம் சித்தி எப்போதும் முதலாவதாகக் கேட்பது ஒன்றுதான்: "செடி பூத்திருக்கா?" பூத்திருக்கு என்பேன். எத்தனை பூ என்பார். எண்ணி வைத்திருப்பேன், சொல்வேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். அதன் பிறகுதான் நிலானியிடம் கொடுக்கச் சொல்வார்.

வைகாசியில் மழை வந்தது. நாவலப்பிட்டி மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துணி காயாது, சுவர் வியர்க்கும், வாரக்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. டெய்சியின் அடியிலைகள் மஞ்சளாகின, அப்புறம் நடுவிலைகள். பூவும் நின்றது. செடிக்குப் பசி என்று ஒருவர் சொன்னார், சாம்பல் போட்டேன். எறும்பு என்று இன்னொருவர் சொன்னார், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மழையில் ஊறி நிற்கும் செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று என் ஒன்பது வயது மூளைக்கு எட்டவே இல்லை. மஞ்சள் தண்ணீர் மருந்து என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் அப்பா பார்த்தார். அப்பா தோட்டத்தில் "கவ்வாத்து" வெட்டுபவர். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டையாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் தீப்பிடித்து அணைந்தாற்போல் இருக்கும். இரண்டு மாதத்தில் கட்டையெல்லாம் வெடித்துச் செந்தளிர் வரும். அந்த மலைகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு, வெட்டினால் தளிர்க்கும் என்பது காலையில் விடியும் என்பதுபோல ஒரு விஷயம். அப்பா கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே சொன்னார்: "தேயிலைக்கு ஆகுறது இதுக்கு ஆகாதா? கட்டையில வெட்டிவிட்டா புதுசா வரும். நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"சித்தி வெட்டச் சொல்லலயேப்பா."

"ஒஞ் சித்தி கொழுந்து எடுத்தவ. கவ்வாத்து அவளுக்கு என்னா தெரியும்?"

சாய்வாக, ஒரே வீச்சில், அப்பாவின் வெட்டு எப்போதும்போல அழகாக இருந்தது. தேயிலையில் சில நேரம் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விடுவார்கள், செடி அதைப் பிடித்துக்கொண்டு பிழைக்கட்டும் என்று. இலையெல்லாம் பழுத்துவிட்டதால் அப்பா இதில் அதையும் விடவில்லை. எனக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. இனிமேல் இது அப்பாவின் பொறுப்பு என்று தோன்றியது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் போனது. தளிர் வரவில்லை. மூன்றாவது மாதம் கட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை இல்லை, பழுப்பு.

அதுவரை, மழைக்குப் பூ நின்றிருக்கிறது என்றே போனில் சமாளித்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. "செடி பூத்திருக்கா?" என்று சித்தி கேட்டார். பூத்திருக்கு சித்தி என்றேன். எத்தனை என்றார். பதினாறு என்றேன். பக்கத்தில் நின்ற நிலானி என்னை அண்ணாந்து பார்த்தாள். பயந்துபோய் அவள் கையைக் கிள்ளினேன். போன் அவள் கைக்குப் போனதும், கேட்பதற்கு முன்பே, "பதினாறு பூ" என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இல்லாத செடியில் பூக்களை எண்ணிச் சொன்னேன். வறட்சி மாதங்களில் கூட்டினேன், மழையில் குறைத்தேன். அம்மாவுக்குத் தெரியும். "தூரத்துல இருக்கறவள ஏன் வருத்தணும்" என்று விட்டுவிட்டார். நிலானி இதற்குள் அம்மாவைப் "பெரியம்மா" என்று கூப்பிடுவதை நிறுத்தி "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். எந்த வாரத்தில் தொடங்கினாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான் செடியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வந்த அன்று, கட்டையின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டிகளோடு மேலே ஏறி வந்த சித்தி காம்பரா வாசலிலேயே முட்டிபோட்டு இரண்டு கையையும் நீட்டினார். நிலானி அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனாள். பொம்மையைக் காட்டினார். அவள் வரவில்லை. "யாரும்மா இது?" என்று அம்மாவைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம், சித்தியும் சிரித்தார். சிரித்துவிட்டு, கைக்கு ஏதோ வேலை வேண்டும் என்பதுபோல எழுந்து பக்கவாட்டுக்கு வந்தார்.

"எங்க என் டெய்சி?"

நான் வாளியை எடுத்தேன். சித்தி குனிந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு வெட்டுனா?"

"நான்தான் புள்ள" என்றார் அப்பா. "தளிர்க்கும்னு நெனச்சேன்."

"தண்ணி நாந்தான் ஊத்துனேன் சித்தி" என்றேன். "பொய் சொன்னதும் நாந்தான்."

சித்தி அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதார். ஒரு பூச்செடிக்குப் போய் இப்படி அழுவார்களா என்று நான் மிரண்டுபோனேன். அம்மா, "எந்திரிடி, எந்திரி. செடி போனா இன்னொன்னு" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, சேலையைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிலானியை முன்னால் தள்ளினார். "போ. அதான் ஒங்கம்மா." அவள் இரண்டடி போனாள். பிறகு திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சித்தியிடம் போக எத்தனை நாளாயிற்று, எப்படிப் போனாள் என்பது நினைவில் இல்லை. போனாள், அவ்வளவுதான். இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். சித்தியோடு சண்டையும் போடுகிறாள், கொஞ்சவும் செய்கிறாள். போன மாதம் டெய்சியைப் பற்றிக் கேட்டேன். "எந்தச் செடி அக்கா?" என்றாள்.

கெலிஓயாவில், மேல்மாடி வாடகை வீட்டில், என் பல்கனியில் இப்போது ஒரு டெய்சி இருக்கிறது. நாற்று விற்பவரிடம் பழைய கதையைச் சொல்லி, தண்ணீரா கத்தியா, எது கொன்றது என்று கேட்டேன். "இருவது வருசத்துக்கு முந்திச் செத்த செடிக்கா மிஸ் இப்ப மருந்து கேக்குறீங்க?" என்று சிரித்தார். பிறகு, வேரில் தண்ணீர் நின்றால் அழுகும் என்றும், பச்சை இலை உள்ள இடத்துக்கு மேலேதான் வெட்ட வேண்டும், கீழே வெறும் கட்டையில் வெட்டினால் இது தளிர்க்காது என்றும் சொன்னார். அப்படியானால் இரண்டுமே காரணம். அல்லது தண்ணீரிலேயே செத்துவிட்டிருந்ததை அப்பா வெட்டினார். செடி செத்ததை அன்றே சொல்லியிருந்தால், சித்தி வேறு எதையாவது கேட்டிருப்பாரா, சீக்கிரம் வந்திருப்பாரா என்பதும் தெரியவில்லை.

கலகெதரவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்கு நியமனம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டரை வயது மகளை, ராத்தா என்று நான் கூப்பிடும் கீழ்வீட்டு முஸ்லிம் அக்காவிடம் விட்டுவிட்டுக் காலையில் பஸ் ஏறுகிறேன். முதல் நாள் மாடிச் சாவியையும் கொடுத்து, செடிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது வேண்டாம், எந்தப் பூவைக் கிள்ள வேண்டும் என்றெல்லாம் ராத்தாவுக்கு நெடுநேரம் விளக்கினேன். மகளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எங்கள் லயத்தில் பாதிக்குமேல் இடித்துவிட்டார்கள். டெய்சி நின்ற மேட்டில் இப்போது கழிவுநீர் போகும் சிமெந்துக் கான் ஓடுகிறது, பீலி வற்றிவிட்டது, கொமினிகேஷன் இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையின் யன்னலோரம் நின்று ராத்தாவுக்கு அழைப்பெடுத்தேன். கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது, "செடி பூத்திருக்கா ராத்தா?"

"பூத்தீக்கி, பூத்தீக்கி. மூணு பூ" என்றார் ராத்தா. பின்னால் மகளின் சிரிப்புக் கேட்டது. "புள்ளயும் நல்லா வெளாடுது. இண்டைக்கு அழவே இல்ல, ஒங்களத் தேடவும் இல்ல. நீங்க பயப்பிடாம வேலயப் பாருங்க."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். மணி அடித்துவிட்டது. நல்ல செய்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வகுப்புக்கு நடந்தேன். பாதி வழியில், திரும்பவும் கூப்பிட்டு மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லலாமா, சொன்னால் அழுவாளா, அழாமல் இருந்துவிடுவாளா என்று தெரியாமல் நின்றேன்.