இளையாளுக்கு நான் போட்ட கணக்கு

இல்லாத ஒரு நிலாவைப் பற்றிப் பொய் சொன்னேன். எழுபதைத் தாண்டிய பிறகு, கல்லூரியில் காலமெல்லாம் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு. இல்லாத ஒன்றைப் பற்றிச் சொன்னால் அது பொய்யாகுமா என்று கேட்கலாம். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டு சில மாதங்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த நிலா என் மகளுடையது. பகலில் தென்காசி வீட்டிலிருந்தபடியே ஒரு பெங்களூர் கம்பெனிக்குப் படம் வரைந்து கொடுப்பாள். மிச்ச நேரத்தில் ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பாலத்தைத் தாண்டுகிறேன், பூதத்தை வெட்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். தாண்டினாரா, வெட்டினாரா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும். கதையை நடத்துவது மகள். வானத்தை வரைந்ததும் அவள்தான். பன்னிரண்டு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம்: உடைந்த பானை, இரட்டைத் தலைக் காக்கை, தூங்கும் ஆடு.

அந்த வானத்தில் இரண்டு நிலாக்கள். பெரியவள் மூத்தாள். ஒழுங்கானவள், நம்முடைய நிலாவைப் போல வளர்ந்து தேய்வாள். சின்னவள் இளையாள், நுங்கு நிறம். அவளுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. எந்த வீட்டில் நிற்கிறாள் என்பதற்கு ஆட்டம் தொடங்கும்போது மகள் பன்னிரண்டு முகப் பகடை ஒன்றை உருட்டுவாள். இளையாள் தலைக்கு மேலே வந்துவிட்டால் பூட்டுகள் திறக்காது, அல்லது நாய்கள் பேசும், அல்லது செத்தவர்களுக்குப் பசிக்கும். என்ன நடக்கும் என்பதும் பகடைதான்.

ஞாயிறு மதியங்களில் எங்கள் மாடியில் ஆடினோம். மகளோடு பள்ளியில் படித்த பல் டாக்டர் இலத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். ஆட்டத்தில் அவள் மந்திரக்காரி. இன்னொருவர் எங்கள் தெரு அண்ணாச்சி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். சின்ன வெங்காயம் ஒரு மூட்டை கொடுக்க வந்தவர், பகடையைப் பார்த்து உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவர் ராட்சச வம்சத்துக் கோடாலி வீரன். ஆனால் எந்தப் பூதத்தையும் வெட்டுவதற்கு முன்னால் அதோடு பேரம் பேசிப் பார்ப்பார். "இந்தா பாரு, நீ பாதி வழிய விடு, நான் பாதிக் கோவத்த விடுதேன்" என்பார். பூதம் யோசிக்கும். நான் கிழட்டுத் திருடன். ஆயுள் முழுக்க யோக்கியமாக இருந்தவனுக்குப் பூட்டு உடைப்பதில் இருந்த ஆனந்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிறு அண்ணாச்சிக்குப் பகடை விழவே இல்லை. கோடாலி கை நழுவியது, பாலத்திலிருந்து விழுந்தார், ஒரு வாத்து அவரைத் துரத்தியது.

"என்ன சார் இது, எனக்கு மட்டும் இப்படி விழுது?" என்றார்.

நான் வானப் படத்தைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். "இளையாள் உங்களுக்கு எட்டாம் வீட்டுல நிக்கா அண்ணாச்சி. சந்திராஷ்டமம்லா?" என்றேன்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஆனால் மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பின. வகுப்பறையை விட்ட பிறகு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதற்குத் தவிர யாரும் என் பக்கம் அப்படித் திரும்பியதில்லை. அந்தத் திரும்பல் எனக்குப் பிடித்துவிட்டது. அதை மறுபடி வாங்குவதற்காக அடுத்த வாரம் இளையாளுக்கு ஒரு பாதையே உண்டு என்றேன். பழைய ஆட்டங்களில் அவள் நின்ற இடங்களை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாகச் சொன்னேன். பகடையில் விழுந்த எண்களுக்குப் பாதை இருக்காது என்பது எனக்குத் தெரியும். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். என் மனைவி இருந்த நாட்களில் காலண்டரில் ராகுகாலம் பார்த்தால், அவளை நிறுத்தி வைத்து நிகழ்தகவு பாடம் நடத்தியவன் நான்.

அதன் பிறகு மாடியில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆளாளுக்கு நட்சத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். வழியில் வந்த ஒரு குட்டிச்சாத்தான் சமையல்காரனுக்கு ஜாதகம் கணித்தேன், அவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்றேன், பல் டாக்டர் அவனுக்காக வருத்தப்பட்டாள். பறக்கும் பாம்பின் ராசி தெரியாமல் அதோடு சண்டைக்குப் போக அண்ணாச்சி மறுத்தார். ஒரு புதன்கிழமை கிளினிக்கிலிருந்து டாக்டர் போன் செய்தாள்.

"சார், இன்னைக்கு எனக்கு எப்படி இருக்கு?"

"ஆட்டத்துலயா, நெசத்துலயா?"

"ரெண்டுலயுந்தான் சார். கடவாப்பல் ஒண்ணு எடுக்கணும்."

எடுக்கலாம் என்று சொன்னேன். பல் சுலபமாக வந்துவிட்டதாம். என் மதிப்பு இன்னும் ஏறியது. மகள் முதலில் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு, "அப்பா, சும்ம இருங்கப்பா" என்றாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், நிறுத்தவில்லை என்று எழுதுவதே சரி.

இந்தச் சாரல் காலத்தில் அவளுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. விளையாட்டு தயாரிப்பவர்கள் சிலர் அவள் உலகத்தைத் தாங்களே ஆடிப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பெட்டியில் போட்டு வெளியிடுவார்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம் ரயில். அதற்கு முன்னால் அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. கதையின் முடிவை யாரும் இன்னும் ஆடிப் பார்த்திருக்கவில்லை. இளையாள் மூத்தாளை மறைக்கும் அந்த ஒரு நாளில் மலை உச்சியில் ஒரு கதவு திறக்கும். அதை நாங்கள் திறக்கும்போது எங்கே தடுமாறுகிறோம் என்று பார்த்தால், மிச்ச மதியத்தில் திருத்திக்கொண்டு கிளம்பலாம் என்பது அவள் திட்டம்.

ஆட்டத்தைக் குற்றாலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. அவருடைய மச்சினர் சீசனுக்கு வாடகைக்கு விடும் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. காலையில் பழைய குற்றால அருவியில் குளித்தோம். தலையில் தண்ணீர் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வரத்து கூடி, போலீஸ் விசிலடித்து எல்லோரையும் விரட்டியது. அண்ணாச்சி பாதி எண்ணெயோடு ஓடிவந்தார். ஈரத் தலையும் சூடான வடையுமாக உட்கார்ந்தோம். மகள் பகடையை உருட்டி, விழுந்த வீட்டில் இளையாளை மூத்தாளுக்கு மேல் வைத்தாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். விரல்கள் தாமாக எண்ணின. "எட்டு" என்றேன்.

"சோலி முடிஞ்சு" என்றார் அண்ணாச்சி. "நான் இந்தச் சத்திரத்த விட்டு எறங்கமாட்டேன் தாயி."

அவ்வளவுதான். கதையில் மலையடிவாரச் சத்திரத்தில் எங்கள் படை படுத்துவிட்டது. மகள் சத்திரத்துக்குத் தீ வைத்தாள். மந்திரக்காரி அணைத்தாள். மகள் எதிரிப் படையை அனுப்பினாள். அண்ணாச்சி அவர்களுக்கும் சந்திராஷ்டமம் என்று எடுத்துச் சொல்லி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பரிகாரமாக வாசல் காவல் பூதத்துக்குத் தயிர்சாதம் தானம் செய்தோம். பூதம் ஊறுகாய் கேட்டது. அதைக் கேட்ட பூதமாக இருந்தது என் மகள்தான், கோபத்தில்தான் கேட்டாள், நாங்கள் அதற்கும் சிரித்தோம். டாக்டருக்குப் புரையேறியது. நான் கண்ணீர் வரச் சிரித்தேன். மதியம் போய்க்கொண்டே இருந்தது.

மகள் பகடையைக் கீழே வைத்தாள். "எனக்கு அந்தக் கதவு மட்டும் போதும்பா. யாராவது ஒரு தடவ அதத் தொறந்து பாத்தாப் போதும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. போனில் மணி பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி, அந்தக் கணக்கெல்லாம் பொய். நானே கட்டினது. இளையாளுக்குப் பாதையே கெடையாது" என்றேன்.

அண்ணாச்சி வடையை மென்று முடித்தார். "மக அழுதுருவான்னு சொல்லுதீரு. பெத்த மனசு, எனக்குத் தெரியாதா? ஆனா கணக்கு கணக்குதான சார்."

"இல்ல அண்ணாச்சி, சத்தியமா பொய்."

"அப்ப என் கடவாப்பல்?" என்றாள் டாக்டர்.

"ஏட்டி, அது உன் பல்லா?" என்றாள் மகள்.

கடைசியில் வழி சொன்னதும் அண்ணாச்சிதான். ஆகாத நாளில் பயணம் போகவேண்டி வந்தால், முன்னாலேயே நல்ல நேரத்தில் நம் பொருள் ஒன்றை வழியில் ஓரிடத்தில் கொண்டு வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். "சார்வாளுக்கு இன்னைக்கு நல்ல நாள்தான? என் கோடாலிய அவரு தூக்கிட்டுப் போயி மலைப் பாதி வழியில வைக்கட்டும். பின்னாலேயே நான் வாரேன்."

அந்தக் கோடாலி என் திருடனை விடக் கனமானது. பூனை போல நடக்கத் தெரிந்தவன், நான் சொன்ன பொய்யின் காரணமாக, அதைப் படிக்குப் படி டங் டங் என்று இழுத்துக்கொண்டு ஏறினான். மலையில் தூங்கியவை எல்லாம் எழுந்தன. மகள் உருட்டினாள். ஒன்று விழுந்தது, இருபதில் ஆகக் கெட்ட எண். மறுபடியும் ஒன்று. மூன்றாவது உருட்டலில் என் திருடன் செத்தான். இளையாளின் கீழே செத்ததால் உடனே அவனுக்குப் பசித்தது. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தபடியே அவனைத் தாண்டிப் போய்க் கோடாலியை எடுத்து, டாக்டரோடு உச்சிக்கு ஓடிக் கதவைத் திறந்தார்.

கதவுக்குப் பின்னால் வானம் கேட்டது: இரண்டு நிலாவில் ஒன்றுதான் இனி இருக்கலாம், எதை அனுப்புகிறீர்கள்?

"எதுக்கு அனுப்பணும்?" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பேரும் இருந்துட்டுப் போட்டுமே."

"ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும் அண்ணாச்சி."

"எடுக்கலைன்னா?"

மகள் தன் குறிப்புக் காகிதங்களைப் புரட்டினாள். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்கவே இல்லை. "நானும் அனுப்பமாட்டேன்டி" என்றாள் டாக்டர். ஒரு முழு மதியம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிய ஓட்டை அது. அந்த மதியத்தை நாங்கள் பூதத்துக்குத் தயிர்சாதம் போட்டுத் தீர்த்திருந்தோம். ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. தென்காசி ஸ்டேஷன் வரைக்கும் மடியில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே வந்தாள், மேடு பள்ளத்தில் எழுத்துகள் துள்ளின. நான் பக்கத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். நிலா மிகவும் பிடித்ததாம். முடிவில் அவசரம் தெரிகிறது, திருத்திக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். டிபன் சாப்பிட்டுக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டுச் செய்தி போலச் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு பொய் என்பதை மட்டுமல்ல. அவர்கள் என் பக்கம் திரும்பவேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்பதையும், அவள் நிலாவை எடுத்து என்னுடையதாக்கிக்கொண்டேன் என்பதையும்.

"கணக்கு பொய்னு மொத நாளே தெரியும்பா. டைஸ் உருட்டுறது நானு" என்றாள். "மத்தது தெரியாது." இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள். "ஞாயித்துக்கிழம புது முடிவ ஆடிப் பாக்கணும். உங்களுக்குப் புது ஆளு போட்டுட்டேன். ஊமை."

இப்போது வாராவாரம் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிறு அண்ணாச்சி பாலத்தடியில் நின்று, "இன்னைக்குத் தாண்டலாமா சார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். "பாத்தியளா, சார் ஆகாதுங்காரு" என்று கோடாலியைக் கீழே வைத்துவிட்டார். பதறிப்போய் இரண்டு கையையும் விரித்தேன். "பத்து நாள் ஆகுமாம்" என்றாள் டாக்டர். மகள் என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையை அசைக்காமல், அவர்கள் தாண்டும் வரை அப்படியே இருந்தேன்.