பட்டாளப் பத்திரிகையில் வந்த ஆட்டுக் கட்டுரை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது எனக்கு. எழுத்து முன்னே பின்னே இருக்கும், வருஷங்களும் சரியாக நினைவில் இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். சிப்பாய்களுக்கென்று அரசாங்கம் தமிழில் போட்ட பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பனிமலையில் பார்த்த ஆடுகளைப் பற்றியது. எங்கள் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. அங்கே ஆடுகள் போர்வை போர்த்தியது போல் நடக்கின்றன. ‘என் மனைவி பார்த்தால், இது வெயிலுக்கு ஆகாது என்று கத்தரியைத் தேடுவாள்’ என்று எழுதியிருந்தார். கீழே அவர் பெயர். அந்த இதழை எனக்குத் தபாலில் அனுப்பினார். பிறகு மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்துபோனார். அவர் எழுதி அச்சில் வந்தது அது ஒன்றுதான்.

சில வருஷம் கழித்து, ஏழாவது படித்த என் மகள் பள்ளியில் வாங்கச் சொன்ன கதைப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டினாள். அதே ஆடுகள், அதே மலை. அவர் பெயர் இல்லை. ‘என் மனைவி’ என்ற இடத்தில் ‘என் தாய்’ என்று இருந்தது.

புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினேன். துணைக்கு யாரும் வரவில்லை. புத்தகத்தில் இருந்த விலாசத்தைக் காட்டி, அஸ்தம்பட்டியில் விசாரித்து விசாரித்து அதைப் போட்ட அச்சகத்துக்குப் போனேன். முதலாளி நான் கொண்டுபோன பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தார்.

“ஆமாங்கம்மா, இதுல இருந்துதான் எடுத்தோம். பட்டாளத்துப் பேப்பரு, கவர்மெண்டு சமாச்சாரம். ரோடு மாதிரிங்க. ஆரு வேணாலும் போலாம், வரலாம்.”

“போங்க சாமி, வேண்டாங்கல. அவரு பேரை ஏனுங்க எடுத்தீங்க?”

“புள்ளைங்க படிக்கற புக்கு. பட்டாளத்துக்காரன் பேரும் பொண்டாட்டி பேச்சும் எதுக்குங்க? சரி, அடுத்த தடவ போட்டுக்கலாம். பேரைச் சொல்லுங்க.”

கட்டிய புருஷன் பெயரை நாங்கள் சொல்வது கிடையாது. பத்திரிகையில் அவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

“ஊட்டுக்காரியே சொல்லாத பேரை நான் மட்டும் அச்சடிக்கோணுமாக்கும்!” என்றார். எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த தடவையும் புத்தகம் அச்சாயிற்று. பெயர் இல்லை.

என் மகளின் டீச்சரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பள்ளி ஆண்டு மலரில் என் வீட்டுக்காரர் பெயரோடு அந்தக் கட்டுரையைப் போடலாம் என்றார். தலைமையாசிரியர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “உரிமை பதிப்பாளருக்கேன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்குங்க. அவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் ஆவும். நமக்கெதுக்கு வம்பு?” என்று சொல்லிவிட்டார்.

எடுக்கும்போது ரோடு. எடுத்த பிறகு அந்த முதலாளி வீட்டு வாசல். அந்த ஆளிடம் மறுபடி போய் நிற்க எனக்கு முடியவில்லை. மலர் வேறு எதையோ போட்டுக்கொண்டு வந்தது.

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். பட்டாளப் பத்திரிகையில் வந்தது எத்தனை வருஷத்தில் பொதுவாகிறது? அதுவரை அது யாருடையது, அரசாங்கத்துடையதா, எழுதினவருடையதா? பொதுவான பிறகும் எழுதினவர் பெயரை எடுத்துவிடலாமா? நான் எழுதியதில் தப்பு இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.