விழாத ரேகை

எனக்கு விசா வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். கிடைத்தது. அது எந்த வழியில் கிடைத்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

நான் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றவள். வாங்குகிறவர்களுக்கு வெட்டியும் கொடுப்பேன். வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் என் பக்கத்தில் அரிவாள்மணை போட்டு உட்காரக் கூடாது. அதற்காகத்தான் சவூதியில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு ஒத்துக்கொண்டேன். முறையான வேலை விசா. விரல் ரேகை கொடுத்தால் வந்துவிடும் என்றார்கள்.

தி.நகர் விசா ஆபீஸுக்கு ரேகை கொடுக்கப் போகிற நாள். கையில் மீன் நாற்றம் இருந்தால் உள்ளே விடமாட்டார்களோ என்று பயந்தேன். புளியும் சாம்பலும் போட்டு, கருங்கல்லில் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாற்றம் போனது. இருந்த கொஞ்சம் ரேகையும் போனது.

மெஷினில் மாற்றி மாற்றி வைத்தேன். அங்கே இருந்த பெண், "என்ன வேலைம்மா பண்றீங்க? விரல்ல ஒண்ணுமே இல்ல" என்றாள். சொன்னேன். "கொஞ்ச நாள் அந்த வேலையை விட்டுட்டு வாங்க" என்றாள்.

ஐஸிலும் உப்பிலும் கிடக்கிற கை. விட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. விடாமலே மறுபடி போனேன். மறுபடியும் ரேகை விழவில்லை.

பக்கத்துக் கடை செல்வி கேட்டாள்: "இன்னாக்கா, கையெழுத்துதான் கோணலா வரும்னா, கைநாட்டும் வர்லியா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் மீனை வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தான். "துபாய்க்கு விசிட் விசால போய்டுக்கா. ரேகை கீகைன்னு ஒண்ணும் கேக்கமாட்டான். வேலை அங்க பாத்துக்கலாம்" என்றான்.

வீட்டுக்காரருக்குப் பேச்சு குழறும். ஆனாலும் சொன்னார்: "வேணாமே. திருட்டுத்தனமா போவாத. புடிச்சு உள்ள போட்டான்னா நான் யார்கிட்ட போய் கேப்பேன்?"

அவன் போனதும் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைக்கு நீ பிக்பாக்கெட் அட்சிருக்கலாம்மே. எந்தப் போலீஸும் கண்டுபுடிச்சிருக்கமாட்டான்" என்றார். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

தினமும் கடைக்குப் போகுமுன் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். இந்த விரலில் ரேகையைப் போடு தாயே. அவ்வளவுதான் கேட்பேன்.

தவக்காலத்தில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார்.

எங்கள் வழக்கத்தில், முப்பதாம் நாள் பூசை முடியும்வரை துக்க வீட்டுப் பெண் கடையில் உட்காரமாட்டாள். மீனைத் தொடமாட்டாள். அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கை மடியில் சும்மா கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அது அப்படிக் கிடந்ததில்லை.

பூசை முடிந்ததும் மூத்தவள் என்னைக் கிளப்பினாள். "அந்த சவூதி வீட்டுல இன்னும் வேற ஆள் எடுக்கலயாம். வாம்மா" என்றாள். தி.நகரில் மெஷினில் வைத்தேன். எல்லா விரல் ரேகையும் விழுந்தது.

அதே பெண்தான் இருந்தாள். "பாத்தீங்களா, வேலையை விட்டதும் வந்துடுச்சு" என்று சிரித்தாள். ஏன் விட்டேன் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

விசா வந்தது. கெபிக்குப் போகவில்லை. ரேகையைக் கேட்டால் இந்த வழியிலா கொடுப்பாய் என்று கோபம். சவூதி போயும் பல மாதம் ஜெபமாலையைத் தொடவில்லை.

அங்கே பக்கத்து வீட்டில் ஓர் ஆந்திராப் பெண் வேலை செய்தாள். சரியான விசா இல்லாமல் மாட்டிக்கொண்டவள். ஊரில் அவள் அம்மா இறந்துபோனாள். இவளால் போக முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்காகத்தான் மறுபடி ஜெபமாலையைக் கையில் எடுத்தேன்.

வீட்டுக்காரருடைய வருஷப் பூசைக்கு நான் லீவு சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி, நேர் வழியில் வந்து இறங்கினேன். கெபிக்குப் போனேன். கோபம் தீரவில்லை என்று மாதாவிடம் சொன்னேன். நன்றி என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. மூத்தவள் நர்ஸிங் முடிக்கப் போகிறாள். இளையவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். இப்போது தினமும் ஜெபம் செய்கிறேன்.

விசாவுக்காகக் காத்திருக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். குறுக்கு வழியில் போகாதீர்கள். மாதா கொடுப்பார். நீங்கள் நினைத்தபடி கொடுக்கமாட்டார். அழுதுகொண்டாவது வாங்கிக்கொள்ளுங்கள்.